களியோடை ஆற்றில் ஒரு வீச்சு கேட்டவன்

சிரிக்க வேண்டுமென்றால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். நடுவில் சிரித்தால் நான் எழும்பிப் போய்விடுவேன். இந்தக் கதையைக் கேட்டுச் சிரித்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், அதில் என் சொந்த மைத்துனரும் ஒருவர், அன்றிலிருந்து அவரோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. சாய்ந்தமருதில் நாற்பது வருடமாகச் சைக்கிள் திருத்துகிறவன் நான். சங்கிலி கழன்றால் பல் தேய்ந்திருக்கும், காற்று இறங்கினால் முள் குத்தியிருக்கும். காரணம் இல்லாமல் ஒன்றும் நடக்காது. எங்கள் பள்ளிவாசல் மௌலவியிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவர், மௌத்தாகி மண்ணுக்குள் போனவர்கள் திரும்பி வருவதில்லை, நீ கண்டது ஜின் எடுத்த உருவம் என்றார். மரியாதைக்காகத் தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனால் உள்ளுக்குள் எரிச்சல்தான். ஒரு ஜின்னுக்கு நான் தூண்டில் வீசுகிற விதத்தில் பிழை பிடிக்க என்ன அவசியம் வந்தது?

முதலில் தவராசாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காரைதீவுக்காரன், எங்கள் ஊருக்கு அடுத்த ஊர், நடந்தே போகலாம். எண்பதுகளின் தொடக்கத்தில் வாய்க்கால் திருத்த வேலைக்கென்று ஒரு வெள்ளைக்காரப் பொறியியலாளர் வந்திருந்தார், அவருடைய ஜீப்பை ஓட்டியவன் தவம், அவனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அந்தத் துரையின் சைக்கிளைப் பழுது பார்த்துக் கொடுத்ததில் எனக்கும் அவர்களோடு பழக்கமானது. துரைக்கு ஞாயிறு வந்தால் ஆறுதான். புழு இல்லை, இறால் இல்லை. கோழி இறகை நூலால் தூண்டில் முள்ளில் சுற்றிக் கட்டி, அதை ஒரு பூச்சி மாதிரி நீரின் மேல் விழவைத்து மீன் பிடிப்பார். பார்த்தவர்கள் எல்லாம் இந்த மனிசனுக்கு விசர் என்றார்கள். நானும் தவமும் மட்டும் அவரிடம் அதைக் கற்றுக்கொண்டோம்.

அவருடைய நாட்டில் பனி உருகும் காலத்தில் ஸ்டீல்ஹெட் என்று ஒரு மீன் ஆற்றில் ஏறுமாம். ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, பிறகு தான் பிறந்த அதே ஆற்றுக்கே ஏறி வருமாம். இடுப்பளவு குளிர்ந்த தண்ணீரில் நின்று அவர் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிற படத்தைக் காட்டினார். ஒருமுறை ஜீப்பில் எங்கள் இரண்டு பேரையும் நுவரெலியாப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், அங்கே ஓடைகளில் இருக்கிற ட்ரவுட் மீனுக்குத் தூண்டில் போடவும் வைத்தார். குளிரில் எனக்குப் பல் அடித்தது, ஒன்றும் அகப்படவில்லை. தவத்துக்கு உள்ளங்கை நீளத்தில் ஒன்று கிடைத்தது. அதைப் பிள்ளையைப் பார்ப்பது மாதிரிப் பார்த்துவிட்டுத் திரும்பத் தண்ணீரில் விட்டான்.

துரை நாட்டை விட்டுப் போகும்போது தூண்டில் கம்பை எனக்கும், நூல் சுற்றுகிற சக்கரத்தைத் தவத்துக்கும் கொடுத்தார். இரண்டு பேரும் சேர்ந்துதான் போகவேண்டும் என்பதற்காக அப்படிப் பிரித்தாராம். ஏழெட்டு வருடம் அப்படித்தான் போனோம். களியோடை ஆற்றில், பாலத்துக்குக் கீழே, கண்டல் மரங்கள் தொடங்குகிற இடம் எங்களுடையது. எங்கள் ஆற்றில் ட்ரவுட்டுக்கு எங்கே போவது, கொடுவா இருந்தது. அதுவும் கடலுக்கும் ஆற்றுக்கும் போய் வருகிற சாதிதான்.

தொண்ணூறில் தமிழ் ஆட்களுக்கும் முஸ்லிம் ஆட்களுக்கும் நடுவே குழப்பம் வந்தது. அதை நான் விவரிக்கப் போவதில்லை, எங்கள் பக்கத்தில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் ஆளுக்கொரு சாவைச் சொல்வார்கள். என் கடை அப்போது இரண்டு ஊருக்கும் நடுவே இருந்தது, தவத்தின் வீட்டுக்கு நேர் எதிரே. நிலைமை மோசமான அன்று பின்னேரம் கடையைப் பூட்டித் திறப்பை அவனிடம் கொடுத்தேன். "நீ போ மச்சான், நான் பாத்துக்கிறன்" என்றான். இரண்டாம் நாள் கடை எரிந்தது. யார் வைத்த நெருப்பு என்று இன்றுவரை தெரியாது, அதை நான் தேடவும் இல்லை. ஆனால் பார்த்துக்கிறேன் என்று சொன்னவன் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. மன்னிப்பு வேண்டாம், கடை போய்விட்டது என்று ஒரு துண்டுக் கடிதமாவது? இல்லை. கொஞ்ச நாளில் அவன் ஊரை விட்டே போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். போகட்டும், நாசமாய்ப் போகட்டும் என்று என் வாயால் சொன்னேன். மனைவி வாயைப் பொத்தினாள்.

அந்தக் கோபத்தோடுதான் ஆறு வருடம் தூங்கி எழும்பினேன் என்றால் நீங்கள் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். நம்பினால் நம்புங்கள், புதிதாகப் போட்ட கடையில் ஒவ்வொரு நாளும் பூட்டைத் திறக்கும்போது அவன் முகம்தான் வரும்.

தொண்ணூற்றாறோ ஏழோ, பங்குனி மாதம். மழைக்காலத்துக் கலங்கல் வடிந்து ஆறு தெளிந்துவிட்டது, வெயில் இன்னும் உச்சத்துக்கு வரவில்லை, துரை இருந்தால் இதுதான் எங்கள் வசந்தகாலம் என்று சொல்லியிருப்பார். சண்டையில் பூட்டிக் கிடந்த பாதைகள் ஓரளவு திறந்திருந்தன. கம்பு வீட்டு முகட்டில் தூசி படிந்து கிடந்தது. சக்கரம் அவனிடம் போய்விட்டதே என்று அத்தனை வருடம் தொடாமல் இருந்தவன், ஒரு வீம்பில் பழைய சைக்கிள் சில்லின் நடுவிலிருக்கிற குடத்தை வெட்டி நானே ஒரு சக்கரம் செய்துகொண்டேன். அவன் இல்லாமல் என்னால் மீன் பிடிக்க முடியாதா என்ன? மருதமுனைத் தறிகளில் மிஞ்சுகிற நூல் வாங்கிச் சேவல் கழுத்து இறகு கட்டினேன். விடியச் சுபஹ் தொழுதுவிட்டு, புரோட்டாவும் இறைச்சிக் கறியும் கட்டிக்கொண்டு சைக்கிளில் புறப்பட்டேன். இராணுவச் சென்றியில் நின்றவர்கள் கம்பைப் பார்த்து இது வானொலி ஏரியலா என்று கேட்டுக் கேட்டு அரைமணி நேரத்தைத் தின்றார்கள். அங்கேயே பாதி எரிச்சல் ஏறிவிட்டது.

ஆற்றில் இறங்கும்போது வெயில் மரத்து உச்சிக்கு வந்திருந்தது. நூறு யார் தள்ளி நிந்தவூர் காசீம் காக்கா வீச்சுவலை வீசிக்கொண்டிருந்தார். கையை உயர்த்தி ஸலாம் சொன்னேன், அவரும் சொன்னார். முழங்கால் அளவு தண்ணீரில் நின்று நான் வீசத் தொடங்கினேன். வரவில்லை. கை மறந்துவிட்டது. நூல் பின்னால் நீளாமல் தலைக்கு மேலேயே சுருண்டு, முன்னால் குவியலாய் விழுந்தது. இறகு என் தொப்பியில் குத்தியது. நான் எனக்கே ஏசிக்கொண்டு மறுபடி வீசினேன்.

"கையத் தூக்கிறாய் மச்சான். எத்தின தரம் சொல்லியிருக்கன்."

திரும்பாமலே தெரிந்துவிட்டது. பிறகு திரும்பினேன். எனக்கு வலப்பக்கம், பத்தடி தூரத்தில், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தவம் தண்ணீரில் நின்றான். கொஞ்சம் மெலிந்திருந்தான். வேறு வித்தியாசம் ஒன்றுமில்லை. பகல் வெளிச்சம், தெளிந்த கண், நான் மனிதனைத்தான் பார்த்தேன், புகையையோ நிழலையோ இல்லை. ஒன்று மட்டும், அதுவும் பிறகுதான் எனக்கு உறைத்தது. அவன் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தது. நான் இருமினாலே பறக்கிற கொக்கு. அது அவன் பக்கம் திரும்பவே இல்லை.

பயம் வரவில்லை. ஏன் வரவேண்டும்? ஊரை விட்டுப் போனவன் பாதை திறந்ததும் வந்திருக்கிறான், அவ்வளவுதான். வந்தது கோபம். எனக்குக் காது அடைத்துப்போகிற அளவு கோபம்.

"என்ன மூஞ்சியோட வந்து நிக்கிறாய்?"

"சும்மாதான். ஆத்தப் பாக்க வந்தன்."

"என்ட கடை எரியக்குள்ள நீ எங்க இருந்தாய்?"

"வாசல்ல நிண்டன்."

"நிண்டு?"

"பாத்துக்கிட்டு நிண்டன்."

"திறப்பு உன்னட்டத்தானே இருந்தது?"

"மடிக்குள்ள இருந்தது."

"ஒரு வாளி தண்ணி ஊத்தினியா?"

"இல்ல மச்சான்."

பாருங்கள், இதுதான் என்னை எரித்தது. ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நான் ஊரில் இல்லை, என்னைக் கட்டிப் போட்டார்கள், துவக்கை நீட்டினார்கள், ஏதாவது. நான் நம்பியிருக்கமாட்டேன், ஆனால் ஏசுவதற்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். அவன் சொன்னது இவ்வளவுதான்: நின்றேன், பார்த்தேன், ஊற்றவில்லை. நான் ஆறு வருடம் சேர்த்து வைத்திருந்த அத்தனை தூஷணத்தையும் அந்த ஆற்றில் கொட்டினேன். அவன் தாயைக்கூட விடவில்லை. அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தான். நான் மூச்சு வாங்க நின்றபோது, நான் செய்த சக்கரத்தைப் பார்த்து, "சைக்கிள் குடமா? நல்லாச் செய்திருக்கிறாய்" என்றான். அதற்கும் ஏசினேன்.

பிறகு கரையில் ஏறி உட்கார்ந்து கட்டிக்கொண்டு வந்ததை அவிழ்த்துத் தின்றேன். அவன் பார்க்கத் தின்றேன். வா என்று சொல்லவில்லை. முன்பெல்லாம் ஒரே இலையில் கை வைத்தவர்கள் நாங்கள். அவன் தண்ணீரிலேயே நின்றான்.

நான் மறுபடி இறங்கியபோது மெல்லக் கேட்டான்.

"ஒரே ஒரு வீச்சு தா மச்சான். மறுகா போயிருவன்."

"செத்தாலும் தரமாட்டன்."

"ஆரு செத்தா?"

கிண்டல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவன் மாதிரிக் கேட்டான். நான் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிர்க்கரைக் கண்டல் நிழலுக்கு ஆத்திரத்தோடு வீசினேன். ஆத்திரத்தில் கையை உயர்த்த மறந்துவிட்டேன் போலிருக்கிறது, நூல் நீளமாய்ப் போய், இறகு நிழலின் ஓரத்தில் மெதுவாக விழுந்தது. விழுந்ததுதான் தாமதம், தண்ணீர் வெடித்தது.

கொடுவா. பெரியது. சைக்கிள் குடம் அலறியது. பின்னால் அவன் பழைய மாதிரியே கத்தத் தொடங்கினான், "விடு விடு, நூல விடு, இழுக்காத!" நானும் பழைய மாதிரியே அவன் சொன்னபடி செய்தேன், கோபத்தில் இருந்த என் கைகள் அவன் பேச்சைக் கேட்டன. மீன் இரண்டு தரம் பாய்ந்தது, பிறகு ஆழத்துக்கு இறங்கிக் கண்டல் வேர்களுக்குள் போய்விட்டது. நூல் இறுகி அசையாமல் நின்றது. வேரில் சுற்றிவிட்டது.

இந்த மாதிரி நேரத்தில் இறங்குகிறவன் எப்போதும் தவம்தான். நூலைப் பிடித்துக்கொண்டே குறுக்காக நடந்து போனான், நெஞ்சளவு தண்ணீர் வந்ததும் மூச்சை இழுத்துக்கொண்டு மூழ்கினான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு நூல் தளர்ந்தது, மீன் வெளியே வந்தது. நான் பின்னால் நடந்து நடந்து அதைக் கரையில் இழுத்துப் போட்டேன். என் கை நீளம் இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். அவன் மேலே வரவில்லை.

விளையாடுகிறான் என்று நினைத்தேன். வேருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு என்னைப் பயம் காட்டுகிறான். "வெளிய வாடா! உன்ட விளையாட்டெல்லாம் இனி என்னட்ட வேணாம்!" என்று கத்தினேன். தண்ணீர் அசையவில்லை. எண்ணத் தொடங்கினேன். நூறைத் தாண்டியபோது கம்பை எறிந்துவிட்டு ஓடினேன். வேர்களுக்குள் கையை விட்டுத் துழாவினேன், மூழ்கிப் பார்த்தேன், அந்த இடத்தில் தண்ணீர் என் நெஞ்சுக்கு மேல் இல்லை, ஒரு மனிதன் அதற்குள் தொலைந்துபோக வழியே இல்லை. காசீம் காக்காவை அலறிக் கூப்பிட்டேன். அவர் வலையோடு ஓடி வந்தார்.

"ஆள் தாண்டு போனான் காக்கா! இஞ்சதான் மூழ்கினான்!"

"ஆரு தம்பி?"

"என்னோட நிண்டவன்! நான் வந்ததிலிருந்து என்னோட கதைச்சுக்கிட்டு நிண்டவன்!"

காசீம் காக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நீ தனியத்தான் நிண்டாய் தம்பி. தனியத்தான் ஏசிக்கிட்டு நிண்டாய். நான் என்னத்துக்கு வீண் சோலி எண்டு இருந்தன்."

ஆனாலும் தேடினார், நல்ல மனிதர். வலையை வீசி வீசி இழுத்தார். நிந்தவூரில் மத்தியான லுஹர் பாங்கு சொல்லும்வரை தேடினோம். ஒன்றுமில்லை, ஒரு துணித்துண்டுகூட இல்லை. மீனை எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். "எனக்கு வேணாம் தம்பி" என்று பின்வாங்கினார். அது கரையிலேயே கிடந்தது.

வீட்டுக்கு வந்து நூலை விரித்துப் பார்த்தேன். முன்முனையில் கட்டுகிற தங்கூசி, அந்த மெல்லிய நைலோன் நரம்பு, ஓரிடத்தில் அறுக்கப்பட்டு மறுபடி முடிந்திருந்தது. துரை சொல்லிக் கொடுத்த முடிச்சு, இரண்டு பக்கமும் ஐந்தைந்து சுற்றுச் சுற்றி நடுவில் கோர்க்கிறது. தவத்துக்கு மட்டும்தான் அது வரும். எனக்கு ஒருநாளும் வந்ததில்லை, இன்றும் வராது. மௌலவியிடம் அந்தத் தங்கூசியைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதைத் தொடவில்லை.

ஆனால் அன்று நான் நினைத்தது இதையெல்லாம் இல்லை. ஒரு மனிதன் என் மீனுக்காக இறங்கிச் செத்துப்போனான், காசீம் காக்காவுக்குக் கண் சரியில்லை, அவ்வளவுதான். அவனுடைய வீட்டுக்கு யார் போய்ச் சொல்வது? நான்தான் சொல்ல வேண்டும். இரவெல்லாம் அவனுக்கு ஏசிக்கொண்டே கிடந்தேன், ஆறு வருடம் கழித்து வந்து இந்தப் பாரத்தையும் என் தலையில் வைத்துவிட்டாயே என்று.

மறுநாள் காலை, எரிந்துபோன என் கடை இருந்த வெறும் நிலத்தைத் தாண்டி, அவன் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவனுடைய தங்கச்சி பவளம் கதவைத் திறந்தாள். அடையாளம் கண்டதும் அவள் முகம் இறுகியது.

"றபீக் அண்ணனா? என்ன இந்தப் பக்கம்?"

"தவத்த நேத்துக் கண்டன் தங்கச்சி. களியோடையில. அவன்..."

"எந்தத் தவத்த?" என்றாள்.

அவளுக்குப் பின்னால் சுவரில் தவத்தின் படம் தெரிந்தது. பொட்டு வைத்து, கீழே விளக்கு வைத்த படம். வவுனியாப் பக்கம் கல் உடைக்கிற வேலைக்குப் போன இடத்தில் மலேரியாவாம். மூன்று வருடமாகிவிட்டதாம். பாதை பூட்டிக் கிடந்ததால் கூட வேலை செய்தவர்களே அங்கே புதைத்துவிட்டு, கடிதம் போட்டார்களாம். முப்பத்தோராம் நாள் காரியம் வரை செய்து முடித்தாயிற்று. இதையெல்லாம் பவளம் ஒரே மூச்சில், என்னை அடிக்கிற மாதிரிச் சொன்னாள். அடுத்த ஊர். நடந்து போகிற தூரம். மூன்று வருடமாக எனக்கு ஒருவரும் சொல்லவில்லை! யாரை ஏசுவது? நான்தான் அவன் பெயரை எடுத்தால் கடையை விட்டு எழும்பிப் போகிறவனாக இருந்தேன், யார் வந்து சொல்வார்கள்?

அப்போதே திரும்பி வந்திருக்க வேண்டும். உள்ளே இருந்து அவனுடைய தாய் வந்துவிட்டா. மெலிந்து வளைந்துபோயிருந்தா, என் கையைப் பிடித்துக்கொண்டா.

"எங்க கண்டாய் மகன்? என்ட புள்ளய எங்க கண்டாய்?"

"அம்மா, நீங்க உள்ளுக்குப் போங்க" என்றாள் பவளம்.

"நீ சும்மா இரு. றபீக், நீ சொல்லு மகன். கதைச்சானா? எப்பிடி இருந்தான்?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஆள் மாறிப்போச்சு அம்மா என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த அம்மாவின் முகம் அப்படி இருந்தது. "ஓம் அம்மா, கதைச்சான். நல்லாத்தான் இருந்தான்" என்றேன். தண்ணீருக்குள் போனதைச் சொல்லவில்லை, சாப்பாடு கொடுக்காததைச் சொல்லவில்லை, ஒரு வீச்சுக் கேட்டு நான் கொடுக்காததையும் சொல்லவில்லை. நல்லாத்தான் இருந்தான். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அவ கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, சுவரிலிருந்த படத்தைக் கழற்றினா. புதைத்ததை நாங்கள் யாரும் காணவில்லைத்தானே, வேறு யாரையோ புதைத்துவிட்டு எழுதியிருக்கிறார்கள் என்றா. பவளம் என்னைப் பார்த்த பார்வையை நான் வாழ்நாளில் மறக்கமாட்டேன்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தோறும் அந்த அம்மா சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு, அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறி, களியோடைப் பாலத்தில் இறங்கி, ஆற்றங்கரையில் போய் உட்காரத் தொடங்கினா. பின்னேரம் கடைசி பஸ்ஸில் வருவா. பவளம் கேட்பாளாம், அவ "வரல்ல" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வாவாம். ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக இப்படி. மழைக்காலத்தில் நனைந்து சளி பிடித்து, அதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டா.

செத்த வீட்டுக்கு நானும் போனேன். கூட்டத்துக்கு நடுவே பவளம் என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள், "அண்ணன், உங்களுக்கு முகம் காட்டினவன் எங்கட அம்மாக்கு ஏன் காட்டல்ல? நானும் மூணு தரம் அவவோட போய்க் குந்திக்கிட்டு இருந்தன். ஏன் காட்டல்ல?"

ஒன்றை யோசியுங்கள், அந்த அம்மாவை விட்டால் இந்தக் கதையை முழுசாக நம்பிய ஒரே ஆள் அவள்தான். அவளும் சிரித்திருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும். அன்றிலிருந்து கல்முனைச் சந்தையில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு மற்றப் பக்கம் போய்விடுவாள். எனக்குத் தவத்தின் மேல் மறுபடி கோபம் வந்தது, இந்த முறை கடைக்காக இல்லை. திட்டினவனிடம் வந்து திட்டு வாங்கிக்கொண்டு நிற்கத் தெரிந்தது, சோறு கட்டிக்கொண்டு வந்தவளுக்கு முன்னால் ஒருநாள் வந்து நிற்க முடியவில்லையா உனக்கு? இருபது வருடத்துக்கு மேல் இந்தக் கேள்வியை அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன வருடம் காசீம் காக்கா படுத்த படுக்கையாகிவிட்டார் என்று பார்க்கப் போனேன். பழைய கதை கதைத்துக்கொண்டிருக்கும்போது சர்வசாதாரணமாகச் சொன்னார், "அந்த மனிசி பாவம், நல்லாச் சிரிச்சுச் சிரிச்சுக் கதைக்கும்."

"எந்த மனிசி?"

"உன்ட கூட்டாளிர உம்மா. வெள்ளிக்கிழமையில நான் ஜும்ஆத் தொழுகைக்கு வலையச் சுருட்டுற நேரம் பாப்பன். ஆத்தப் பாத்துக் கதைக்கும், மறுகா பதில் கேக்கிற மாதிரிச் சும்மா இருக்கும், மறுகா சிரிக்கும். ஒருநாள் கேட்டன், ஆரோட கதைக்கிறீங்க எண்டு. மகனோட எண்டிச்சி."

எனக்குக் கோபம் வந்தது, சாகக் கிடக்கிற மனிதர் என்றும் பார்க்காமல் கத்தினேன். "இவ்வளவு காலமும் ஏன் காக்கா எனக்குச் சொல்லல்ல?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "அந்த மனிசிதான் சொல்ல வேணாம் எண்டு கையப் புடிச்சிக் கேட்டிச்சி. 'என்ட மகளுக்குத் தெரியப்படாது தம்பி, அவள் வந்தா அவன் வரமாட்டான்' எண்டிச்சி."

ஏன் அப்படி? தங்கச்சியோடு அவனுக்கு என்ன? ஊரை விட்டுப் போவதற்கு முன் அந்த வீட்டுக்குள் ஏதாவது நடந்ததா, அல்லது அந்த அம்மாவே மகனைத் தனக்கு மட்டும் வைத்துக்கொள்வதற்காக அப்படிச் சொன்னாவா? கேட்பதற்குக் காசீம் காக்காவும் இப்போது இல்லை. பவளம் இருக்கிறாள். தாய்க்கு அவன் முகம் காட்டினான் என்று நான் போய்ச் சொல்லலாம், அவளுடைய கோபம் தீரும். ஆனால் அதைச் சொன்னால் மற்றதையும், அவள் வந்தால் அவன் வரமாட்டான் என்று தாய் சொன்னதையும், சொல்ல வேண்டும். போன வெள்ளிக்கிழமைகூடச் சந்தையில் கண்டேன், கூடையோடு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். நான் கூப்பிடவில்லை.